ஏர்ஃபோர்ஸ் ஒன் ராக்கெட்

அமெரிக்க ஜனாதிபதி டெல்லிக்கு வந்துபோன வருஷம் நான் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய விமானம் மட்டும் வந்தது. முதலில் பேப்பரில் வந்தது, அப்புறம் டிவியில் வந்தது, கடைசியில் ஒரு வெடி முதலாளியின் மண்டைக்குள் வந்து இறங்கியது.

வெடிக்குப் பேர் வைப்பது எங்கள் ஊரில் பெரிய வேலை. உள்ளே இருக்கிற மருந்து எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விற்றுக் கொடுப்பது மேலே ஒட்டுகிற லேபிள். அதனால் உலகத்தில் எதைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அது அடுத்த சீசனில் லேபிளாகிவிடும். கிரிக்கெட் கப், டைனோசர், சந்திரனுக்குப் போகிற ராக்கெட் எல்லாம் போட்டிருக்கிறேன். சுனாமி வந்த வருஷம் ஒருத்தர் சரவெடிக்குச் சுனாமி என்றே பேர் வைக்க வேண்டும் என்று வந்து நின்றார். நான் போட மாட்டேன் என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். எனக்கு வாய் நீளம். என்னை வேலைக்கு வைத்திருக்கிறவர்கள் புண்ணியவான்கள் என்று அம்மா ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிவாள்.

அந்த முதலாளி பேப்பரில் வந்த விமானப் படத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். புது ராக்கெட்டுக்கு ஏர்ஃபோர்ஸ் ஒன் என்று பெரிய எழுத்தில் பேர், பக்கத்தில் இந்த விமானம், பின்னால் நீல வானம், நட்சத்திரம். வடநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்றார்.

நெட்டில் நல்ல படமாகத் தேடினேன். படத்தோடு விஷயமும் வந்தது. ஏர்ஃபோர்ஸ் ஒன் என்பது அந்த விமானத்தின் பேரே இல்லையாம். தரையில் இருக்கிற டவரும் மேலே இருக்கிற பைலட்டும் ரேடியோவில் பேசிக்கொள்ளும்போது சொல்கிற அழைப்புப் பேராம். அதுவும் ஜனாதிபதி உள்ளே இருக்கிறவரைக்கும்தான். அவர் இறங்கிவிட்டால் அதே விமானம் வெறும் நம்பர். விமானப்படையில் இருக்கிற சின்னஞ்சிறு விமானத்தில் அவர் ஏறி உட்கார்ந்தாலும் அதுதான் அப்போது ஏர்ஃபோர்ஸ் ஒன். தரைப்படை ஹெலிகாப்டரில் ஏறினால் அது ஆர்மி ஒன். கடற்படை விமானத்தில் ஏறினால் நேவி ஒன். துணை ஜனாதிபதி என்றால் டூ. முன்னொரு காலத்தில் ஜனாதிபதி போன விமானமும் சாதாரண ஜனங்கள் போன விமானமும் ஒரே நம்பரோடு பக்கத்துப் பக்கத்தில் பறந்து, எது யாருடையது என்று டவர்காரர்களுக்குக் குழம்பிவிட்டதாம். இனி அப்படி ஒரு குழப்பம் வரவே கூடாது என்று செய்த ஏற்பாடு இது.

முதலாளி புரூப் பார்க்க வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். நாம் போடுகிற படத்துக்கு இந்தப் பேர் பொருந்தாது, காலி விமானமாக இருந்தாலும் இருக்கும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"அந்தாளு உள்ள இருந்தாத்தான் அந்தப் பேரா?"

"ஆமாண்ணாச்சி."

"அப்ப ஜன்னல்ல ஒரு ஆள வச்சு விட்டுரும்மா. உள்ள இருக்காருன்னு ஆயிரும்ல."

வைத்தேன். ஆபீஸில் கிடந்த மாதிரிக் காலண்டர் ஒன்றில் சட்டை விளம்பரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த ஒருவரின் தலையை எடுத்து, கொஞ்சம் சிவப்பாக்கி, இரண்டாவது ஜன்னலில் ஒட்டினேன். கையை ஆட்டுகிற மாதிரி ஒரு கையும் சேர்த்தேன். லேபிள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலாளி மறுபடி மறுபடி அச்சடிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

என் அக்கா அவருடைய கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தக் கம்பெனி. எங்கள் தாத்தா காலத்தில் அந்தப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கூலிக்குக் களை பறித்தவர்கள் நாங்கள். மழை இல்லாமல் போகப் போக ஒவ்வொருத்தராகத் தீப்பெட்டிக்கும் வெடிக்கும் போய்விட்டோம். அக்கா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே போகிறாள். என்னை அந்தப் பக்கமே விடக் கூடாது என்று பிடிவாதமாக நின்று கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

அழைப்புப் பேர் கதையை அவளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, வண்டியை ஓட்டுகிறவனுக்கு ஒரு பேரும் கிடையாதா என்று கேட்டாள்.

வெடிக் கம்பெனியை வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்களாகத் தெரியும். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்று அப்படிக் கட்டுவார்கள். ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு நம்பர். உள்ளே நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். வேலை செய்கிறவர்களுக்கும் ரூம் நம்பர்தான் அடையாளம். ஏழுல ஒரு ஆளு வரல, மூணுல ரெண்டு பேரு லீவு என்றுதான் போர்மேன் பேசுவார். அக்கா ஏழாம் ரூம். ராக்கெட்டை எண்ணி அடுக்கி, பெட்டியில் போட்டு, என் லேபிளை மேலே ஒட்டுவது அவள் வேலை. மருந்தைத் தொடுகிற வேலை இல்லை என்பதால் நாங்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தோம்.

தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரம். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரப் போகும்போது சத்தம் கேட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சோதனைக்குப் போடுகிற வெடிச் சத்தத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும். மெஷின்காரர்கள் மெஷினை நிறுத்தினார்கள். ஒருத்தர் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் புகை கிழக்கே என்று கத்தினார். எந்தக் கம்பெனி என்று தெரிய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எங்கள் மெஷின்காரர் ஒருத்தர் தன் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

அம்மாவும் மச்சானும் எனக்கு முன்னாலேயே கம்பெனி கேட்டில் நின்றார்கள். மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர், லோடு ஏற்றுகிற வேலை, கட்டியிருந்த கைலியோடு வந்திருந்தார். உள்ளே விடவில்லை. கொஞ்ச நேரத்தில் போர்மேன் கேட்டுக்கு வந்து நின்று சொன்னார். வெடித்தது பன்னிரண்டாம் ரூம். மற்ற ரூம் ஆட்கள் எல்லாரும் பத்திரம், யாரும் பயப்பட வேண்டாம். அங்கே நின்றிருந்த கூட்டம் அந்த ஒரு வார்த்தையில் இரண்டாகப் பிரிந்தது. பன்னிரண்டாம் ரூம்காரர்களின் வீட்டு ஜனம் தரையில் விழுந்து புரண்டது. நாங்கள் மற்ற பக்கம் நின்றோம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய் ஒரு பொம்பளையைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தன் மகள் தப்பித்துவிட்டாள் என்கிற தைரியத்தில் கொடுத்த தண்ணீர் அது.

சத்தம் கேட்டவுடன் முள்ளுக்காட்டில் விழுந்து அவரவர் ஊருக்கு ஓடியவர்கள் நிறையப் பேர். அக்காவும் அப்படித்தான் ஓடியிருப்பாள் என்று வீட்டுக்குப் போனோம். வீட்டில் இல்லை. சாயங்காலம் ஏழாம் ரூமில் அவளோடு வேலை செய்கிற பெண் கையெல்லாம் முள் கீறலோடு வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அக்காவக் காலைலயே பன்னெண்டுக்கு அனுப்பிட்டாகளே. ஒங்களுக்குச் சொல்லலையா?"

சொல்லவில்லை. பன்னிரண்டாம் ரூமில் ராக்கெட்டுக்குத் திரி ஏற்றுகிறார்கள். ஆர்டர் குவிந்து, அங்கே கை பற்றாமல், பெட்டி போடுகிறவளைக் கொண்டுபோய் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மறுபடி கேட்டுக்கு ஓடினோம். போர்மேனுக்கும் அன்றைக்கு முகத்தில் ரத்தமே இல்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பன்னிரண்டில் நாலு பேர். இரண்டு பேர் போய்விட்டார்கள், இரண்டு பேர் சிவகாசி ஆஸ்பத்திரியில். நாலும் சரியாக இருக்கிறது. ஒங்க அக்கா ஏழு, ஏழுல யாருக்கும் ஒண்ணும் இல்லை, நல்லாத் தேடிப் பாருங்க என்றார். சுவரில் நாலு பேர் என்று எழுதியிருக்கிறது, அதனால் ஐந்தாவதாக ஒருத்தி இருந்திருக்க முடியாது. கண்ணுக்கு முன்னால் நின்று பேசுகிற அம்மாவுக்கு மகள் இருக்கிறாள் என்பதே அவருக்குச் சந்தேகம் போலப் பேசினார்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் பார்த்தோம். பன்னிரண்டாம் ரூம்காரர்கள் இரண்டு பேரும் நினைவில்லாமல் கிடந்தார்கள். விருதுநகரில் பார்த்தோம். அக்கா இல்லை. காயப்பட்ட சிலரை மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதால் மறுநாள் விடிந்ததும் நானும் மச்சானும் பஸ் ஏறினோம்.

அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த அழைப்புப் பேர் ஞாபகத்துக்கு வந்தது. நெட்டில் இன்னொன்றும் படித்திருந்தேன். ஒரு ஜனாதிபதி பதவியை விட்டுவிட்டு விமானத்தில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாராம். பாதி வழியில், கீழே புது ஜனாதிபதி பதவியேற்றுவிட்டார். உடனே பைலட் டவரைக் கூப்பிட்டு, இனிமேல் எங்கள் விமானத்துக்கு அந்தப் பேர் கிடையாது, நம்பர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று மாற்றிக்கொண்டாராம். வானத்தில் பறக்கும்போதே பேர் மாறியிருக்கிறது. ஜனாதிபதி இந்த நிமிஷம் எங்கே இருக்கிறார், எதில் இருக்கிறார் என்பது ஒரு நொடிகூடத் தப்பக் கூடாது என்று ஒரு தேசமே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறது. இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். என் அக்கா ஏழாம் ரூமில் இருந்து பன்னிரண்டாம் ரூமுக்குப் போக ஒரு வேப்பமரத்தைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் தூரம். அந்தத் தூரத்துக்கு அவளோடு அவள் பேர் போகவில்லை. ஒரு வாய் வார்த்தை, இன்னாரை இங்கே மாற்றியிருக்கிறேன் என்று இன்னொரு மனுஷனிடம் ஒரு வார்த்தை, அதற்கு ரேடியோ வேண்டுமா, டவர் வேண்டுமா? நான் சத்தமாகவே பேசியிருக்க வேண்டும். மச்சான் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அந்த லேபிளை நீதானே போட்டாய், அது ஓடியதால்தானே ஆர்டர் குவிந்தது, உனக்கு மனசு உறுத்தவில்லையா என்று பின்னால் ஒருத்தி என்னிடம் கேட்டாள். உறுத்தவில்லை. எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். உறுத்த வேண்டியவர்களுக்கு உறுத்தாமல், லேபிள் போட்டவளும் திரி ஏற்றியவளும் உட்கார்ந்து மருகிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம் என்று அவளையும் ஒரு பிடி பிடித்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு வாசலில் ஒரு நர்ஸ் நின்றார். அக்கா பேரைச் சொன்னேன். அந்தப் பேரில் யாரும் இல்லை என்றார். பேர் சொல்ல நினைவில்லாமல் ஒரு பெண் இருக்கிறாள், சாத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பினார்கள், கம்பெனி ஆட்கள் யாரும் கூட வரவில்லை, ரோட்டில் போன வேன்காரர் ஒருவர் வேலியோரம் கிடந்தவளை எடுத்து அங்கே சேர்த்திருக்கிறார் என்றார். டாக்டர் உள்ளே இருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுப்பது எனக்கு வராது. நேற்று மத்தியானத்தில் இருந்து பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ஆரம்பித்தேன். பாவம், அந்த நர்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை. அக்கா பேரை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கத்தினேன்.

உள்ளே கடைசிக் கட்டிலில் இருந்து ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, ஆனால் எனக்குத் தெரிந்த குரல்.

"ஏ புள்ள, சத்தம் போடாத. ஆஸ்பத்திரி இது."

முகத்தில் பாதியும் இரண்டு கைகளும் கட்டுக்குள் இருந்தன. மச்சான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது, பிறகு நிறுத்த முடியாமல் அழுகை வந்தது.

திரி உரசித் தீப்பிடித்ததைப் பார்த்ததும் வாசலில் இருந்தவள் என்பதால் வெளியே பாய்ந்திருக்கிறாள். வெடி அவளைத் தூக்கி வேலியில் போட்டிருக்கிறது. உள்ளே இருந்த இரண்டு பேருக்கு அந்த நேரம்கூடக் கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் எழுந்து உட்காருகிற அளவுக்குத் தேறின பிறகு போர்மேன் வந்தார். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். எப்படி இருக்க தாயி என்று பிரியமாகக் கேட்டார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், அக்கா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து விஷயத்துக்கு வந்தார். விசாரிக்க அதிகாரி வரப்போகிறார். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஐந்து பேர் இருந்ததாகத் தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். கம்பெனியைப் பூட்டினால் இத்தனை குடும்பமும் நடுத்தெருவில். அதனால் நீயாகத்தான் அந்தப் பக்கம் போனாய், பன்னிரண்டில் இருக்கிற உன் சேக்காளியிடம் வெற்றிலை வாங்கப் போய் வாசலில் நின்றாய் என்று சொல்லிவிடு. உனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது.

ஆளை இடம் மாற்றினது நீங்கள், மாற்றினதை மறந்தது நீங்கள், இப்போது வெற்றிலைக்குப் போனவள் என்று பேரைக் கெடுப்பதும் நீங்களா என்று எழுந்தேன். கோபத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் அமெரிக்க ஜனாதிபதி, விமானம், டவர் என்று ஆரம்பித்துவிட்டேன். போர்மேன் பேந்தப் பேந்த விழித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டி, இந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு என்று மச்சானிடம் கேட்டாள்.

அக்கா கட்டுப் போட்ட கையை லேசாக உயர்த்தி என்னை உட்காரச் சொன்னாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"நானாப் போகலண்ணே. நீங்கதான் கூப்பிட்டீக. அம்புட்டுப் பொம்பளைகளுக்கு நடுவுல எம் பேரச் சொல்லி, நீ எந்திரிச்சு வா தாயின்னு கூப்பிட்டீக. கூப்பிடுறப்ப ஞாபகம் இருந்த பேரு, தேடுறப்ப எங்கண்ணே போச்சு?"

போர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது என்றார், அது பொய்யும் இல்லை. பழத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, நாளைக்கு அதிகாரியோடு தானும் வருவதாகச் சொல்லிப் போனார். நல்லா யோசிச்சுக்கோ தாயி என்றார் போகும்போது. மச்சான் முதல்முறையாக வாயைத் திறந்து, அவர் சொல்வதிலும் ஒரு இது இருக்கிறது, நாளைக்கு வேறு எந்தக் கம்பெனியும் நம்மைச் சேர்க்காது என்றார்.

அந்தக் கம்பெனி பிற்பாடு கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு முன்னால் வேறு போர்டு மாட்டித் திறந்தார்கள். அதற்கு நான் பட்ட கோபத்தை எழுத இன்னொரு நாள் வேண்டும். அக்கா கைவிரல்கள் பழையபடி மடங்கவே இல்லை. ஆனால் அந்த மறுநாள் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன்.

அதிகாரி கூட இரண்டு பேரோடு வந்தார். போர்மேன் கட்டில் கால்மாட்டில் நின்றார். அதிகாரி நல்ல மனுஷன் மாதிரித்தான் தெரிந்தார், ஆனால் ஏகப்பட்ட அவசரத்தில் இருந்தார். உட்காராமலே கேட்டார்.

"நீ எந்த ரூம்மா?"

ஏழு என்று சொன்னால் முடிந்தது. போர்மேன் அவள் வாயையே பார்த்தார். அக்கா தன்னை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னாள். முதுகுக்குத் தலையணை வைத்தேன். அவள் தன் பேரைச் சொன்னாள். அப்பா பேரைச் சொன்னாள், ஊர்ப் பேரைச் சொன்னாள். பிறகு இறந்துபோன இரண்டு பெண்களின் பேரையும், சிவகாசி ஆஸ்பத்திரியில் கிடக்கிற இரண்டு பெண்களின் பேரையும் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பன்னெண்டுல நாலு பேருதான்னு ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாக சார். அஞ்சாவது ஆளு நாந்தேன்."